பெயர்ப்பலகையும் வாக்குச்சீட்டும்

(பெங்களூரில் தமிழ் வாசகர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. டீக்கடையில் நின்றால் போதும், விஸ்வநாத்தின் ஸ்கொயர் கட் முதல் நேற்றைய ஆட்டத்தின் கடைசி ஓவர் வரை கேட்டுவிடலாம். ஆகவே நான் வேறொருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மட்டை பிடித்துப் புகழ் பெறாதவர், பந்து வீசிப் பெயர் வாங்காதவர், ஆனால் அவர் இல்லாவிட்டால் ஆட்டமே நடந்திருக்காது என்று சொல்லத்தக்க மனிதர். நிர்வாகி. அவருக்கு விளையாட்டில் என்ன மரியாதை உண்டு? அதைக் கொடுக்க வேண்டியவர் யார்? எந்த முறையில் கொடுப்பது? இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு நம் ஊர் பொருத்தமான ஊர். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் நடத்தும் புகழ் மண்டபத்தில், அதாவது ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்று எல்லோரும் சொல்லும் பட்டியலில், அனில் கும்ப்ளே 2015இல் இடம்பெற்றார். ராகுல் டிராவிட் 2018இல் இடம்பெற்றார். இரண்டு பேரும் பெங்களூர்க்காரர்கள். ஆனால் அவர்கள் ஆடிய மைதானத்தின் வாசலில் இருப்பது மூன்றாவது ஒருவரின் பெயர்: எம். சின்னசாமி. கப்பன் பார்க் பக்கம் தினமும் போய்வருகிற ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அவர் யார் என்று கேட்டால், பழைய காலத்து ஆட்டக்காரராக இருப்பார் என்று பதில் வரும்.

மங்கலம் சின்னசாமி முதலியார் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். மண்டியாவைச் சேர்ந்தவர், தொழிலால் வழக்கறிஞர். மைசூர் மாநிலக் கிரிக்கெட் சங்கம் 1933இல் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அதுதான் கர்நாடக மாநிலக் கிரிக்கெட் சங்கம் ஆயிற்று. அந்தச் சங்கத்தில் கால் நூற்றாண்டு காலம் செயலாளராகவும், பிறகு தலைவராகவும் இருந்தார். 1960 முதல் 1965 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் செயலாளர். 1977 முதல் 1980 வரை வாரியத்தின் தலைவர். 1991இல் காலமானார். பதவிகளின் பட்டியல் இது. பதவி வகித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்?

அவர் செய்த வேலை வேறு இடத்தில் தெரிகிறது. அந்நாளில் சங்கத்துக்குச் சொந்த மைதானம் கிடையாது. பெரிய ஆட்டங்கள் சென்ட்ரல் காலேஜ் மைதானத்தில் நடந்தன. நகரின் நடுவே மாநில அரசின் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, 1969 மே மாதம் அடிக்கல் நாட்டி, 1970இல் கட்டுமானத்தைத் தொடங்கினார்கள். அந்த மைதானத்தில்தான் 1974இல் ரஞ்சிக் கோப்பை அரையிறுதியில் கர்நாடகம் பம்பாயை வீழ்த்தியது. பதினைந்து ஆண்டுகள் கோப்பையைக் கையை விட்டு விடாமல் வைத்திருந்த அணி பம்பாய். பிரசன்னா தலைமை, விஸ்வநாத் 162, பிரிஜேஷ் படேல் 106. இந்த எண்கள் இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடம். அதே ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி அங்கே முதல் டெஸ்ட் தொடங்கியது. எதிரணி மேற்கிந்தியத் தீவுகள். விவியன் ரிச்சர்ட்ஸும் கார்டன் கிரீனிட்ஜும் டெஸ்ட் உலகில் கால் வைத்தது அந்த ஆட்டத்தில்தான். ஆட்டத்தின் கதையை எழுதியவர்கள் ரிச்சர்ட்ஸை எழுதினார்கள், கிரீனிட்ஜை எழுதினார்கள். அவர்கள் நின்ற மண் எப்படி வந்தது என்று யாரும் எழுதவில்லை.

நிர்வாகியின் நிலை கல்யாண வீட்டுச் சமையற்காரரின் நிலை. உப்பு சரியாக இருக்கும்வரை அவரை யாரும் தேட மாட்டார்கள்.

சரி, சின்னசாமியின் பெயரை மைதானத்துக்கு வைத்தார்களே, அது மரியாதை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். மரியாதைதான். என் வருத்தம் வேறு. இந்தியாவில் நிர்வாகிகளுக்கு மரியாதை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது, சற்றுக் கூடுதலாகவே உண்டு. சென்னை சேப்பாக்கத்துக்கு எம்.ஏ. சிதம்பரம் பெயர். அவர் 1960களின் தொடக்கத்தில் வாரியத் தலைவர், அப்போது அவருக்குச் செயலாளராக இருந்தவர் இந்தச் சின்னசாமி. ஒரே காலத்தில் ஒரே வாரியத்தை நடத்திய இருவரின் பெயரும் இரண்டு மாநிலத் தலைநகரங்களின் மைதானங்களில் இருக்கிறது. மும்பையில் வான்கடே. மொஹாலியில் ஐ.எஸ். பிந்த்ரா. டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லா 2019இல் அருண் ஜெட்லி மைதானம் ஆயிற்று. நால்வரும் சங்கத்தையோ வாரியத்தையோ நடத்தியவர்கள். ஆட்டக்காரரின் பெயரோ, மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கோ ஒரு கேட்டுக்கோ வைக்கப்படுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய தொடக்கம் உண்டு. 1928இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் உருவானபோது அதன் முதல் செயலாளர் அந்தோணி டி மெல்லோ. பம்பாயில் மைதானம் கட்ட நிலம் வேண்டியிருந்தது. ஆளுநர் பிரபோர்ன் பிரபுவைப் பார்க்கப் போனவர், அரசுக்குப் பணம் வேண்டுமா, உங்கள் பெயருக்கு அழியாத புகழ் வேண்டுமா என்று கேட்டதாகச் சொல்வார்கள். ஆளுநர் புகழைத் தேர்ந்தெடுத்தார். நிலம் கிடைத்தது. 1937இல் பிரபோர்ன் மைதானம் திறந்தது. டி மெல்லோவைக் கெட்டிக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அன்று முதல் நம் நாட்டில் மைதானத்தின் பெயர் ஒரு விலையாயிற்று. யார் நிலம் தருகிறாரோ, யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ, அவர் பெயர். அந்தப் பெயர் தகுதியானதா என்று ஒரு வாக்குக்கூட எங்கேயும் எடுக்கப்பட்டதில்லை.

இதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர் பிஷன் சிங் பேடி. 2017இல் டெல்லி மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயரை வைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் அங்கே அருண் ஜெட்லிக்குச் சிலை வைக்கப் போவதாகச் செய்தி வந்ததும், தன் பெயரை எடுத்துவிடும்படி சங்கத்துக்குக் கடிதம் எழுதினார், உறுப்பினர் பொறுப்பையும் துறந்தார். மைதானத்தில் நிற்கத் தகுதியுள்ளவர்கள் ஆட்டக்காரர்கள், நிர்வாகிகளின் இடம் அலுவலக அறை என்பது அவர் வாதத்தின் சாரம். கோபத்தில் எழுதிய கடிதம். ஆனாலும் அதில் உண்மையான கேள்வி இருந்தது. பேடியின் கோபத்தை நான் மதிக்கிறேன். அவர் முடிவோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நிர்வாகிக்கும் புகழுக்குரிய இடம் உண்டு. அந்த இடத்துக்கு அவர் எந்த வழியாக வந்தார் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

இதற்கு வேறொரு வழியைக் கண்டுபிடித்த நாடு அமெரிக்கா, விளையாட்டு பேஸ்பால். நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம், அதனால் ஆட்டத்தை விட்டுவிட்டு மண்டபத்தைப் பார்ப்போம். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1939இல் பேஸ்பால் புகழ் மண்டபம் திறந்தது. முதல் ஐந்து ஆட்டக்காரர்கள் 1936லேயே வாக்கெடுப்பில் தேர்வாகிவிட்டார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கிறார்கள், நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். அணித் தலைமை நிர்வாகிகள், உரிமையாளர்கள், லீக் ஆணையர்கள், நடுவர்கள் ஆகியோருக்குத் தனிக் குழு. இப்போது அதில் பதினாறு பேர். மண்டபத்தில் ஏற்கெனவே இடம்பெற்றவர்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள், நெடுநாள் எழுதிவரும் பத்திரிகையாளர்கள் கலந்திருப்பார்கள். பன்னிரண்டு வாக்கு கிடைத்தால் உள்ளே. பதினொன்று கிடைத்தால் வெளியே. ஒரு வாக்கு என்னென்ன செய்யும் என்பதை மார்வின் மில்லர் கதையில் பார்க்கலாம்.

மில்லர் பொருளாதாரம் படித்தவர். உருக்காலைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்தவர். 1966இல் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் அவரைத் தங்கள் சங்கத்துக்குத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். அன்றைய நிலை என்ன தெரியுமா? ஓர் அணியோடு ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரர் ஆயுசு முழுக்க அந்த அணியின் சொத்து. அணி அவரை விற்கலாம், மாற்றலாம். அவர் மட்டும் வேறு அணிக்குப் போக முடியாது. குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலர். மில்லர் 1968இல் முதல் கூட்டு ஒப்பந்தத்தைப் பேசி முடித்து அதை 10,000 ஆக்கினார். 1975 டிசம்பரில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் தந்த தீர்ப்பு அந்த ஆயுள் பிணைப்பை உடைத்தது. 1982இல் மில்லர் விலகியபோது ஆட்டக்காரரின் சராசரிச் சம்பளம் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. இவ்வளவுக்கும் அவர் ஒரு பந்தைக்கூட வீசவில்லை.

அவரை எதிர்த்து நின்றவர் லீக்கின் ஆணையர் பௌவி குன். இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள், பெரும்பாலும் மில்லரே வென்றார். இப்போது மண்டபத்தின் கணக்கைப் பாருங்கள். 2007 தொடக்கத்தில் நடந்த வாக்கெடுப்பில், மண்டபத்தில் இடம்பெற்று உயிரோடிருந்த ஆட்டக்காரர்களே வாக்காளர்களில் பெரும்பகுதி. மில்லருக்கு 63 சதவீதம், குன்னுக்கு 17 சதவீதம். இருவரும் தேர்வாகவில்லை. அதற்குப் பிறகு விதி மாறியது. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுவை அமைத்தார்கள், அதில் அணி நிர்வாகத் தரப்பே மிகுதி. அதே ஆண்டு டிசம்பரில் வாக்கெடுப்பு. குன்னுக்கு 10 வாக்கு, மில்லருக்கு 3. தோற்றவர் மண்டபத்துக்குள் போனார், வென்றவர் வாசலில் நின்றார்.

மனிதர்கள் ஒன்றும் மாறவில்லை, அவர்கள் செய்த வேலையும் மாறவில்லை. வாக்காளர் பட்டியல் மாறியது, தீர்ப்பு தலைகீழாயிற்று. நம் ஊர்ச் சங்கத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிய பாடமாக இருக்காது.

மில்லருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. இனி என் பெயரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2008இல் எழுதிக் கொடுத்தார். கேட்கவில்லை, மறுபடியும் பெயரைச் சேர்த்தார்கள். 2010 டிசம்பரில் பதினாறில் பதினொரு வாக்கு கிடைத்தது. ஒரே ஒரு வாக்கு குறைவு. 2012இல் அவர் இறந்துபோனார். 2019 டிசம்பரில் சரியாகப் பன்னிரண்டு வாக்கு வாங்கித் தேர்வானார். பெருந்தொற்றால் விழாவும் தள்ளிப்போய் 2021 செப்டம்பரில் நடந்தது. தன் பெயர்ப்பலகையை அவர் பார்க்கவில்லை.

இதைச் சொல்லும்போது, அப்படியானால் வாக்கெடுப்பு மட்டும் என்ன பெரிய நியாயத்தைச் செய்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. இன்னும் இரண்டு உதாரணங்களைச் சொல்லி உங்கள் கேள்விக்கு வலு சேர்க்கிறேன். கெனசா மவுண்டன் லாண்டிஸ் என்பவர் பேஸ்பாலின் முதல் ஆணையர். 1919இல் நடந்த சூதாட்டம் அம்பலமாகி ஆட்டம் நாறியபோது எட்டு ஆட்டக்காரர்களை ஆயுள் முழுக்கத் தடைசெய்து ஒழுங்கை நிலைநாட்டினார். ஆனால் 1920 முதல் 1944 வரை அவர் பதவியில் இருந்த காலம் முழுக்க ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடப் பெரிய லீக்கில் ஆடவில்லை. இறந்த சில வாரங்களில் அவரை மண்டபத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த நிறச்சுவரை உடைத்தவர் பிராஞ்ச் ரிக்கி. அவரும் நிர்வாகிதான். 1945இல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனோடு ஒப்பந்தம் போட்டு, 1947 ஏப்ரல் 15ஆம் தேதி புரூக்ளின் அணியில் இறக்கினார். அவருக்கு மண்டபத்தில் இடம் கிடைத்தது 1967இல், அதுவும் இறந்த பிறகு. சுவரைக் காத்தவருக்கு அவசர மாலை, உடைத்தவருக்குத் தாமத மாலை.

இந்தக் கதைக்குள் ஒரு பெண்ணும் உண்டு. எஃபா மான்லி, கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த லீக்கில் நியூவர்க் ஈகிள்ஸ் அணியின் பங்கு உரிமையாளர், அன்றாட நிர்வாகமும் அவர் கையில். ரிக்கி அந்த அணியிலிருந்து டான் நியூகோம் என்ற பந்துவீச்சாளரை எடுத்துக்கொண்டு அணிக்கு ஒரு காசும் தரவில்லை. கதவைத் திறந்துவிட்ட புண்ணியவான் கதவு வழியாக வந்தவர்களுக்குரிய விலையைக் கொடுக்கவில்லை. மான்லி சும்மா இருக்கவில்லை, எங்கள் ஒப்பந்தத்துக்கும் மதிப்பு உண்டு என்று வாதாடினார். அடுத்து லாரி டோபியைக் கிளீவ்லாந்து எடுத்தபோது பணம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. 2006இல் மண்டபம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே இடம்பெற்ற ஒரே பெண் அவர்தான். ரிக்கியின் பலகையும் மான்லியின் பலகையும் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. படிக்கிறவர் இரண்டையும் சேர்த்துப் படித்துத் தன் தீர்ப்பை எழுதிக்கொள்ளலாம்.

என் பதில் இங்கேதான் இருக்கிறது. வாக்கெடுப்பு தவறு செய்யும். ஆனால் செய்த தவறு கணக்கில் பதிவாகியிருக்கும். மில்லருக்கு எந்த ஆண்டு எத்தனை வாக்கு என்று இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது. எண்ணிக்கை தெரிந்ததால்தான் பத்திரிகையாளர்கள் திட்டினார்கள், ஆட்டக்காரர்கள் வெட்கப்பட்டார்கள், வழக்கை மறுபடி மறுபடி எடுக்க முடிந்தது. லாண்டிஸின் பெயரில் வழங்கிய சிறந்த ஆட்டக்காரர் பரிசிலிருந்து 2020இல் அவர் பெயரை எடுத்தார்கள். ஒரு சங்கத்தின் செயற்குழு மேசையில் ஐந்து நிமிடத்தில் வைக்கிற பெயருக்கு இப்படி ஒரு மறுவிசாரணை கிடையாது. ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் தீர்மான எண் கிடைக்கும், காரணம் கிடைக்காது.

கிரிக்கெட்டுக்கு வருவோம். சர்வதேச கவுன்சில் 2009இல் தொடங்கிய புகழ் மண்டபத்தில் ஆட்டக்காரராக இல்லாமல் நிர்வாகத்துக்காக மட்டும் தேர்வானவர் என்று ஒருவரும் இல்லை. இங்கிலாந்தின் ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட் 2010இல் சேர்ந்தார். 1973இல் பெண்களுக்கு உலகக் கோப்பையை நடத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் அவர். ஆண்கள் உலகக் கோப்பை அதற்கு இரண்டாண்டு கழித்துத்தான் வந்தது. உலகத்துக்கே முன்னோடியான அந்த வேலை அவர் எடுத்த ரன்களின் முதுகில் ஏறி மண்டபத்துக்குள் போக வேண்டியிருந்தது. அவர் ஆடாமல் நடத்த மட்டும் செய்திருந்தால் இன்றும் வெளியேதான்.

டென்னிஸ் இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பிரிவு, விளையாட்டை வளர்த்தவர்களுக்கு இன்னொரு பிரிவு. 2024 ஜூலையில் நம் சென்னையின் விஜய் அமிர்தராஜ் இரண்டாவது பிரிவில் இடம்பெற்றார். விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் அவர் ஆடிய ஆட்டம் நமக்குத் தெரியும். மண்டபம் எடுத்துச் சொன்னது அதற்கு அப்பால் செய்த வேலையை. தொழில்முறை ஆட்டக்காரர் கவுன்சிலுக்கு 1989 முதல் தலைவராக இருந்தார். சகோதரர்களோடு சேர்ந்து 1980களில் சென்னையில் ‘பேட்’ என்று எல்லோரும் சொன்ன பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தை நடத்தினார். அந்தத் திட்டத்தில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர் லியாண்டர் பயஸ். அதே 2024 ஜூலை நாளில் பயஸும் ஆட்டக்காரர் பிரிவில் மண்டபத்துக்குள் போனார். பயிற்சிக்கூடம் நடத்தியவரும் அதில் படித்தவரும் ஒரே மேடையில். ஆசியாவிலிருந்து அங்கே இடம்பெற்ற முதல் ஆண்கள் இவர்கள் இருவரும். நிர்வாகம் விளையாட்டுக்கு என்ன கொடுக்கும் என்று கேட்பவருக்கு இந்த ஒரு மேடையைக் காட்டினால் போதும்.

நம் கிரிக்கெட்டில் இப்படி ஒரு பிரிவு வந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள்? சிரிக்காமல் யோசியுங்கள். நான் என் சீட்டை வெளிப்படையாகவே காட்டுகிறேன்.

முதல் வாக்கு மகேந்திர குமார் சர்மாவுக்கு. பலருக்குப் பெயரே தெரியாது. 1973இல் லக்னோவில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கத்தைப் பதிவுசெய்தவர் அவர், அதன் செயலாளரும் அவர்தான். அந்த ஆண்டே புனேயில் முதல் தேசியப் போட்டி நடந்தது. வந்த அணிகள் மூன்று. பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், அவ்வளவுதான். மூன்றே ஆண்டில், 1976 அக்டோபர் 31ஆம் தேதி, இந்தியப் பெண்களின் முதல் டெஸ்ட் தொடங்கிவிட்டது. எங்கே? இதே பெங்களூரில், இதே மைதானத்தில், சாந்தா ரங்கசாமி தலைமையில். அந்தத் தொடரிலேயே பாட்னாவில் முதல் வெற்றியும் வந்தது. 1978இல் பெண்கள் உலகக் கோப்பையை இந்தியாவுக்கே கொண்டுவந்தார்கள். ஆண்கள் உலகக் கோப்பை இந்த மண்ணுக்கு வந்தது 1987இல், அதாவது ஒன்பது ஆண்டு கழித்து. பணக்கார வாரியம் பெண்கள் கிரிக்கெட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டது 2006இல். அதுவரை முப்பத்துமூன்று ஆண்டுகள் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்தது சர்மா தொடங்கிய சங்கம்.

இரண்டாவது வாக்கு என்.கே.பி. சால்வேக்கு. 1983இல் கபில்தேவ் அணி லார்ட்ஸில் இறுதி ஆட்டம் ஆடியபோது வாரியத் தலைவர். அந்த ஆட்டத்துக்குக் கூடுதலாக இரண்டு டிக்கெட் கேட்டு மறுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அந்த அவமானத்தை அவர் சண்டையாக்கவில்லை. அண்டை நாடுகளைச் சேர்த்துக்கொண்டார், அதே ஆண்டு ஆசிய கிரிக்கெட் கவுன்சில் பிறந்தது, 1987இல் ஆண்கள் உலகக் கோப்பை முதன்முறையாக இங்கிலாந்தை விட்டு வெளியே வந்தது. பகையாளிகள் என்று பேர்பெற்ற இரண்டு நாடுகள் சேர்ந்து நடத்திய போட்டி அது.

ஜக்மோகன் டால்மியாவுக்கு என்ன என்று கேட்பீர்கள். கிரிக்கெட்டின் பணப்பெட்டியைக் கொல்கத்தா பக்கம் நகர்த்தியவர், 1997 முதல் 2000 வரை சர்வதேச கவுன்சிலின் தலைவர். அவர் பெயரை எடுத்தால் குழுவில் சண்டை வரும், வரட்டும். அதற்காகத்தானே குழு?

மூன்றாவது வாக்கு சின்னசாமிக்கு. அவர் பெயர் ஏற்கெனவே மைதானத்தில் இருக்கிறதே, இன்னும் எதற்கு என்பவருக்கு என் பதில்: பெயர் இருக்கிறது, காரணம் எழுதியில்லை. வாக்கெடுத்தால் காரணம் எழுத வேண்டிவரும்.

என் சீட்டில் நான்காவது கட்டம் காலி. நம் மார்வின் மில்லர் யார் என்று தேடினேன், கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2016இல் வாரியச் சீர்திருத்தத்துக்கான லோதா குழுவின் பரிந்துரைகளை ஏற்ற பிறகு, 2019இல் இந்தியக் கிரிக்கெட்டர்கள் சங்கம் உருவானது. அதில் ஓய்வுபெற்றவர்களுக்குத்தான் இடம். இன்று ஆடிக்கொண்டிருப்பவர்களுக்காக வாரியத்தோடு உட்கார்ந்து பேச ஒரு சங்கம் கிடையாது. ஆட்டக்காரர் பக்கத்திலும் நிர்வாகி வேண்டும் என்பதை மில்லர் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நண்பர்களே, இதுவரை நல்ல நிர்வாகத்தைப் பற்றிப் பேசினேன். மற்றதைப் பேசாமல் இந்த ஊரில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது.

2025 ஜூன் 3ஆம் தேதி அகமதாபாத்தில் நம் ஊர் அணி பதினெட்டாவது பருவத்தில் முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் நெரிசலில் பதினொரு பேர் இறந்தார்கள். கொண்டாட வந்த பிள்ளைகள். சில நாட்களில் சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார்கள். யார் மீது எவ்வளவு குற்றம் என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும், அது என் வேலையில்லை. எத்தனை பேர் வருவார்கள், எந்தக் கேட் எப்போது திறக்கும், உள்ளே விடும் சீட்டு எப்படித் தரப்படும் என்பதெல்லாம் ஆட்டக்காரர் முடிவுசெய்கிற விஷயங்கள் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். அவை முழுக்க முழுக்க நிர்வாகம். அன்று ரன் எடுத்தவரின் தவறால் யாரும் சாகவில்லை.

அதன் தொடர்ச்சியையும் பாருங்கள். அந்த ஆண்டு பெண்கள் உலகக் கோப்பை இந்தியாவில். பெங்களூருக்கும் ஆட்டங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஜூன் நிகழ்வுக்குப் பிறகு ஆகஸ்டில் பெங்களூரைப் பட்டியலிலிருந்து எடுத்து நவி மும்பையைச் சேர்த்தார்கள். நவம்பர் 2ஆம் தேதி இறுதி ஆட்டம் அங்கே நடந்தது. ஹர்மன்ப்ரீத் கௌர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று கோப்பையைத் தூக்கியது. இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் ஆடிய ஊர், அவர்கள் முதல் உலகக் கோப்பையை ஏந்திய ஆண்டில் அந்தக் கோப்பையின் ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. 1976இல் நிர்வாகம் கொண்டுவந்து தந்ததை 2025இல் நிர்வாகம் இழந்தது. நிர்வாகிக்கு விளையாட்டில் என்ன பங்கு என்று இனி யாராவது கேட்டால் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

நிர்வாகத்தை அளக்க ஒரு முறை வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. பாராட்ட என்ன இருக்கிறது? அர்ஜுனா விருது ஆட்டக்காரருக்கு, துரோணாச்சாரியா விருது பயிற்சியாளருக்கு, கேல் புரோத்சாகன் நிறுவனங்களுக்கு. கணக்கெழுதி, நிலம் வாங்கி, அணிக்கு ரயில் டிக்கெட் போட்டு, மழையில் ஆடுகளத்துக்குப் பாய் விரித்த செயலாளருக்குத் தனியாக ஒன்றுமில்லை. பாராட்டும் முறை இல்லாத இடத்தில் பெயர்ப்பலகை ஆசை வளர்கிறது. தன் புகழைத் தானே வைத்துக்கொள்ள வேண்டிய நிலை வருகிறது.

நான் கேட்பது பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. கர்நாடகத்துக்கு ஒரு விளையாட்டுப் புகழ் மண்டபம், அதில் நிர்வாகிகளுக்கு ஒரு பிரிவு. கிரிக்கெட் மட்டும் போதாது, ஹாக்கி, கால்பந்து, பேட்மின்டன், கபடி எல்லாம் உள்ளே வரட்டும். வாக்களிப்பவர்களில் ஆட்டக்காரர்கள் பாதிக்குக் குறையக் கூடாது. மில்லர் கதை கற்பித்த பாடம் அது. பதவியிலிருந்து விலகி ஐந்து ஆண்டாவது ஆகாதவர் பெயரை எடுக்கக் கூடாது. நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். எத்தனை வாக்கு கிடைத்தது என்பதை வெளியிட வேண்டும். தேர்வானவர் என்ன செய்தார் என்பதையும், என்ன செய்யத் தவறினார் என்பதையும் பலகையில் எழுத வேண்டும். லாண்டிஸின் பலகையில் இரண்டாவது வரி இருந்திருந்தால், அவர் பெயரைப் பரிசிலிருந்து எடுக்க அமெரிக்காவுக்கு எழுபத்தாறு ஆண்டுகள் ஆகியிருக்காது.

இந்த அவையில் சிறு கிளப்புகளையும் பள்ளி அணிகளையும் பல ஆண்டு நடத்தியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிளப்பின் பழைய கணக்குப் புத்தகங்களையும் தீர்மானக் குறிப்புகளையும் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். சர்மாக்களின் கதையை நாளை எழுதப் போகிறவருக்கு அவை மட்டும்தான் சாட்சி. இளைஞர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை ஒரு மைதானத்துக்கோ ஸ்டாண்டுக்கோ ஒருவர் பெயரை வைப்பதாகச் செய்தி வந்தால், கைதட்டுவதற்கு முன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், யார் வாக்களித்தார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.